கிடங்கிலுக்குச் செல்லும் வழி

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர், மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் கண்டு, வழியில் மீன் வறுவல் உண்டு, இடைக்கழிநாட்டைக் கடந்து மரக்காணத்து உப்பளங்களை அடைவர். இந்நிலத்தின் ஊர்களையும் காட்சிகளையும் உணவுகளையும் வழி முறையாக வைத்துச் சங்க காலத்திலேயே பாடியவர் அதே இடைக்கழிநாட்டினர்: நல்லூர் நத்தத்தனார். அவர் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளை உடையது. 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது அச்சில் வந்தது.

பரிசில் பெற்று மீளும் பாணன், வறியவனான மற்றொரு பாணனுக்கு ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியைக் கூறுகிறான். முதலில் வருவது எயிற்பட்டினம். அதனை மரக்காணத்தை ஒட்டிய கடற்கரையாகக் கருதுவர். அங்கே அலை ஒதுக்கிய மணமுள்ள மரங்கள் உறங்கும் ஒட்டகம் போலக் கிடக்கின்றன. அவ்விறகில் எரி மூட்டிய பரதவர், நுளைமகள் வடித்த முதிர்ந்த கள்ளையும் சுட்ட குழல்மீனையும் தருவர். கடற்கரையில் ஒட்டகத்தை நினைத்த புலவரின் கண் வியப்புக்குரியது.

அடுத்தது வேலூர், இது வட ஆற்காட்டு வேலூர் அன்று. முல்லை நிலம் வழியே செல்லும் அவ்வூரில் எயிற்றியர் புளியிட்டுச் சமைத்த சுடுசோறும் ஆமான் சூட்டிறைச்சியும் கிடைக்கும். மருதம் சூழ்ந்த ஆமூரிலோ உழவர் மனையில் நண்டுக் கலவையுடன் வெண்சோறு. அரிசி குற்றிக் குற்றி உலக்கையின் இரும்புப் பூண் தேய்ந்ததையும் புலவர் விடவில்லை. நிலத்துக்கு நிலம் சோறும் மாறுகிறது. எவ்விடத்தும் விலை பேசப்படவில்லை.

இவ்வுணவுகளைச் சுவைக்காக மட்டும் படிப்பது போதாது. வழி சொல்லும் பாணனே முன்னர்ப் பசித்திருந்தவன். அவன் வீட்டு அடுக்களையில் காளான் பூத்திருந்தது; கூரை இற்று விழுந்தது; கண் திறவாக் குட்டிகள் பால் குடிக்க முனைய, மடி வற்றிய நாய் குரைத்தது. அவன் மனைவி நகத்தால் கிள்ளிய குப்பைக்கீரையை உப்பின்றி வேகவைத்தாள். அயலார் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்டாள். பத்துப்பாட்டில் வறுமையைப் பாடிய இடங்கள் பல. அந்த அடைத்த கதவுக்கு நிகரான ஒன்று அரிது. கொற்கையைப் பாடுமிடத்தில் உப்பு வண்டியோடு வந்த மந்தி, உமணர் பிள்ளைகளோடு முத்தை வைத்துக் கிலுகிலுப்பை ஆட்டும் காட்சியும் இதே பாட்டில்தான் வருகிறது.

வழி முடியும் கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதி. அங்கே வாயில் பொருநர்க்கும் புலவர்க்கும் அடைப்பதில்லை என்கிறான் பாணன். வீமன் வகுத்த சமையல் நூலின்படி ஆக்கிய உணவைப் பொற்கலத்தில் இட்டு, நல்லியக்கோடன் தானே அருகில் நின்று ஊட்டுவான். பின்னர்ப் பொருளும் தேரும் தந்து அன்றே விடைகொடுப்பான்.