சாடி நெல்லும் சதுப்புச் சேறும்

இராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் ஆற்றங்கரையில் நின்றால் மேலே காடு. கீழே இறங்கினால் மாந்தோப்பும் தென்னையும். இன்னும் கிழக்கே கண்மாய், நெல்வயல், அதற்கப்பால் கரிசல். இரண்டாயிரம், மூவாயிரம் ஆண்டுக்கு முன் இந்தச் சரிவில் என்ன முளைத்தது, மக்கள் எதை விதைத்துத் தின்றார்கள்? கல்வெட்டு இதைச் சொல்லாது. செடிகள் விட்டுப்போன எச்சங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த எச்சங்களும் ஒரே வகையில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு இடங்கள் சாட்சி.

முதலாவது, பழனி மலையடிவாரத்துப் பொருந்தல். அங்கே 2009, 2010 ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அகழ்ந்தது. ஈமக்குழி ஒன்றில், நான்கு கால் சாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகம் அதற்குக் கணித்த காலம் கி.மு. 490. அதே குழியில் தமிழி எழுத்துப் பொறித்த பிரிமனையும் இருந்ததால், பேச்செல்லாம் எழுத்தின் வயதைச் சுற்றியே போயிற்று. சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் உமிக்கு கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டபோதும் பேச்சு காலத்தைப் பற்றியே இருந்தது. நெல்லைக் கடிகாரமாக மட்டும் பார்ப்பது எனக்குக் குறையாகவே படுகிறது. நெல்லோடு எந்தக் களை விதை கலந்திருக்கிறது என்று பார்த்தால், அது நீர் தேங்கிய நன்செயில் விளைந்ததா, மானாவாரியா என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டாவது, உதகை அருகே சாண்டிநல்லா சதுப்பு. நீர் தேங்கி, காற்றுப் புகாத அந்தக் கரிய சேற்றில் இலை, புல், மகரந்தம் எல்லாம் மட்காமல் அடுக்காகப் படிந்திருக்கின்றன. ஆர். சுகுமாரும் உடன் ஆய்ந்தோரும் அதன் கரிம ஓரிடத்தான்களை அளந்து, 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். சோலை மரங்களும் மலைப்புற்களில் பெரும்பாலானவையும் ஒளிச்சேர்க்கை செய்யும் முறை வேறு வேறு. அதனால் சேற்றிலுள்ள கரிமம், புல் மிகுந்த காலம் எது, மரம் மிகுந்த காலம் எது என்று காட்டிக் கொடுத்துவிடுகிறது. சுமார் 18,000 ஆண்டுக்கு முன் வறட்சி, புல்லின் ஆட்சி. பிறகு ஈரம் கூடியது. நீலகிரிப் புல்வெளிகள் மனிதர் காட்டை அழித்ததால் மட்டும் வந்தவை அல்ல என்பதற்கு இது வலுவான சான்று.

சாடியில் இருப்பது மனிதர் பொறுக்கி வைத்தது. சேற்றில் இருப்பது காற்றும் மழையும் கொண்டுவந்து கொட்டியது. சாடிக்கு அன்றைய காடு தெரியாது. சேற்றுக்கு நெல் தெரியாது. நெல் புல்லினம்தான், ஆனால் அதன் ஒளிச்சேர்க்கை மரங்களின் முறையைச் சேர்ந்தது. கரிமத்தை மட்டும் அளந்தால் வயலும் காடு போலவே தோன்றும். மகரந்தத்தைப் பார்த்தாலும், நெல்லைக் காட்டுப்புல்லிலிருந்து பிரித்தறிவது கடினம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீலகிரி மேட்டுநிலம் தென்மேற்குப் பருவமழையில் நனைவது. பழனி அடிவாரமும் இராஜபாளையமும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. உதகைச் சேற்றைக் கொண்டு நம் ஊர் மழையை எழுத முடியாது; இங்கே உள்ள சேறே வேண்டும்.

விதைகளைத் தேடும் பாதி வேலைக்கு இங்கே இடம் இருக்கிறது. வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழ்ந்தது. அத்தகைய இடத்தின் சாம்பல் மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கருகிய விதைகள் மிதந்து வரும். மறுபாதி கண்மாய்களில் கிடக்கிறது. கோடையில் வற்றும் கண்மாயில் மகரந்தம் பெரும்பாலும் அழிந்துபோகும் என்பது உண்மை. ஆனால் நெல் இலையிலும் உமியிலும் உருவாகும் சிலிக்காத் துகள்கள் எளிதில் அழிவதில்லை. அவற்றின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்த்து, நெல்லா வேறு புல்லா என்று பல நேரம் பிரித்துவிடலாம்.

இந்த வண்டலைத்தான் தூர்வாரும்போது அள்ளி வயலுக்கு அடிக்கிறோம். விவசாயிக்கு அது வேண்டும், தடுக்கச் சொல்லவில்லை. அள்ளுவதற்கு முன், கண்மாய்க்கு ஓரிடத்தில் அடிவரை குழாய் இறக்கி, கலையாமல் ஒரு மண்தூணை எடுத்து வையுங்கள். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கல்லூரிகளின் தாவரவியல் மாணவர்களால் முடிகிற வேலைதான் இது.