பட்டியலில் ஒளிந்த துப்பு: கானன் டாயிலின் அந்தமானும் ஹேடோவின் அந்தமானும்

துப்பறியும் புதினத்தில் துப்பை எப்படி விதைப்பது என்ற கேள்விக்கு இலக்கிய வரலாறு தரும் சிறந்த பாடங்களுள் ஒன்று அந்தமானோடு தொடர்புடையது. 1890 பிப்ரவரியில் லிப்பின்காட் மாத இதழில் வெளிவந்த ஆர்தர் கானன் டாயிலின் ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ என்னும் புதினமே அது. துப்பு விதைப்பின் நேர்த்தி, அதன் பிழை ஆகிய இரண்டையும் இந்த ஒரே நூலில் காணலாம்.

முதலில் நேர்த்தி. இரண்டாம் அத்தியாயத்தில் மேரி மார்ஸ்டன், 1878-இல் காணாமற்போன தன் தந்தையின் பெட்டியில் என்னென்ன இருந்தன என்று ஹோம்ஸிடம் கூறுகிறாள். துப்பு என்று கொள்ளத்தக்க எதுவும் இல்லை என்று தொடங்கி, உடைகள், நூல்கள், அந்தமான் தீவுகளிலிருந்து கொணர்ந்த அரும்பொருட்கள் என வரிசைப்படுத்துகிறாள். தந்தை அங்கே கைதிகளின் காவற்படை அதிகாரிகளுள் ஒருவராக இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறாள். கதையின் திறவுகோலே இதுதான். ஆயினும் அது சாதாரணப் பொருட்களின் பட்டியலில் கடைசியாக, பயனற்றது என்ற முன்னுரையோடு வருவதால் வாசகர் அதைக் கடந்துபோகிறார். உண்மை மறைக்கப்படவில்லை, அதன் எடை மட்டுமே மறைக்கப்பட்டது.

அடுத்து வரும் துப்புகள் வெளிப்படையானவை. மரக்காலரைக் கண்டு மேஜர் ஷோல்டோ அஞ்சுகிறார். கொலை நடந்த வீட்டில் சிறிய வெறுங்காலின் தடம் பதிந்திருக்கிறது. இறந்தவரின் உடலில் நச்சுமுள் தைத்திருக்கிறது. ஹோம்ஸ் காண்பவற்றை வாட்சனும் காண்கிறார். வாட்சன் வழியாக வாசகரும் காண்கிறார். துப்பறிவாளர் கண்டெடுக்கும் துப்பை வாசகருக்கு உடனே காட்ட வேண்டும் என்று ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் விதி வகுப்பதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே டாயில் இந்த நேர்மையைப் பெரும்பாலும் கடைப்பிடித்துள்ளார்.

பிழை எட்டாம் அத்தியாயத்தில் நேர்கிறது. நச்சுமுள் ஊதுகுழலிலிருந்து பாய்ந்தது என்கிறார் ஹோம்ஸ். அப்படியானால் ஆள் தென் அமெரிக்கனோ என்று வாட்சன் ஊகிக்கிறார். ஹோம்ஸ் அதை மறுத்து, ஒரு கெசட்டியரைப் பிரித்து வாசிக்கிறார். அந்தமானியர் நான்கடிக்கும் குறைந்த உயரத்தினர், கொடியவர், நச்சு அம்பு எய்பவர், நரமாமிசம் உண்பவர் என்கிறது அந்த நூல். வாட்சன் தோற்கிறார், டோங்கா என்னும் அந்தமானியனே கொலையாளி என்று கதை நிறுவுகிறது.

இனவரைவியல் நோக்கில் வாட்சனின் ஊகமே பொருத்தமானது. நச்சுமுள்ளை ஊதுகுழலால் எய்யும் வழக்கம் தென் அமெரிக்கக் காடுகளில் உண்டு. அந்தமானியரின் ஆயுதம் வில்லும் அம்பும்; ஊதுகுழல் அவர்களிடம் இருந்ததில்லை. புதினம் வெளிவரும் முன்பே இதற்கான சான்று அச்சில் இருந்தது. போர்ட் பிளேயர் நிர்வாகத்தில் பணியாற்றிய இ. எச். மேன் 1880-களின் முற்பகுதியில் லண்டன் மானிடவியல் கழகத்தின் இதழில் எழுதிய விரிவான கட்டுரைகளில் நரமாமிசக் கதையை மறுத்திருந்தார். ஆண்களின் சராசரி உயரம் நான்கடி பத்து அங்குலத்தை ஒட்டியது என்ற அளவையும் தந்திருந்தார்.

மேன் எழுதிய மக்களுள் பலர் வாழ்ந்த இடங்களுள் ஒன்று ஹேடோ. 1858-இல் கைதிக் குடியிருப்பு நிறுவப்பட்ட பின், காட்டில் வாழ்ந்தோரை ‘நாகரிகப்படுத்த’ 1863-இல் ராஸ் தீவில் ‘அந்தமான் இல்லம்’ தொடங்கப்பட்டது. பின்னாளில் அத்தகைய இல்லம் ஹேடோவிலும் இயங்கியது. புதினத்தில் ஜோனதன் ஸ்மால் குடிசையமைத்து வாழும் ஹோப் டவுன், அதே துறைமுகத்தின் மறுகரையில் உள்ளது. இல்லங்களின் வழியாக வந்த தொடர்பு நோயையும் கொணர்ந்தது. 1877-இல் தட்டம்மை பேரழிவை விளைத்தது. 1901 மக்கள்தொகைக் கணக்கில் கிரேட் அந்தமானியர் 625 பேர். 1961-இல் 19 பேர். கதையில் நச்சு எய்தவர்கள் அவர்கள். வரலாற்றில் நோய்க்கு இரையானவர்களும் அவர்களே.

டாயில் துப்பை ஒளிக்கவில்லை. கெசட்டியரை வாசகர் செவிபட வாசிக்கவும் செய்தார். வடிவத்தில் விதி மீறப்படவில்லை. ஆனால் துப்பு என்பது கதைக்கு வெளியே உள்ள உலகோடு எழுத்தாளர் செய்துகொள்ளும் ஒப்பந்தமும் ஆகும். தடத்திலிருந்து மனிதனுக்குச் செல்லும் பாதை உண்மையான அறிவால் அமைய வேண்டும். மார்ஸ்டனின் பெட்டியில் இருந்த அரும்பொருட்கள் அந்த ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை. காவற்படை அதிகாரி ஒருவர் அவற்றைக் கொணர்வது இயல்பு. ஊதுகுழலோ, வாசகர் சரிபார்க்கமாட்டார் என்ற நம்பிக்கையின் மேல் வைக்கப்பட்டது. லண்டன் வாசகர் சரிபார்க்கவில்லை. ஹேடோவில் இருந்தவர்களிடம் எவரும் கேட்கவுமில்லை.

மர்மக்கதை எழுத முனையும் மாணவர் இந்நூலிலிருந்து இரண்டைக் கற்கலாம்: முக்கியமான துப்பைப் பட்டியலின் நடுவே அமைதியாக வைக்கும் கலை, ஒரு மக்களினத்தையே துப்பாக மாற்றும் முன், அந்த மக்களைப் பற்றிய சான்றைத் தேடும் கடமை.