தையற்பெண் சொன்ன சொல்

1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோய்க்கூற்றியல் அறிஞராக விளங்கியவர் டாக்டர் ஆல்ட்ரெட் வார்த்தின். அவருக்குத் துணி தைத்துக் கொடுத்துவந்த அம்மையார் ஒருவர் ஒருநாள் மனம் சோர்ந்திருந்தார். காரணம் கேட்டார் டாக்டர். தம் குடும்பத்தில் பெரும்பாலோர் குடலிலோ, வயிற்றிலோ, கருப்பையிலோ புற்றுநோய் கண்டு இறந்தனர் என்றும், தமக்கும் அதுவே முடிவு என்றும் அவர் கூறினார். அவ்வாறே முதுமை எய்துமுன் கருப்பைப் புற்றுநோயால் அவர் காலமானார்.

பிறராயின் இதனைப் பேதைமை என்று தள்ளியிருப்பர். வார்த்தின் தள்ளவில்லை. ஜெர்மனியிலிருந்து மிச்சிகனில் வந்து குடியேறிய அக்குடும்பத்தின் வழிமுறையைத் தொகுத்து, ‘ஜி குடும்பம்’ என்னும் பெயரால் 1913-இல் வெளியிட்டார். ஆனால் அதனைக் குலத்தின் தாழ்வாகவும் அவர் கருதினார். அந்நாளைய ‘இனமேம்பாட்டு’க் கொள்கையின் மயக்கம் அது. நல்ல கண்கள் கண்டதைக் கோணல் மனம் பொருள் செய்தது எனலாம்.

பின்னர் அச்செய்தி ஏறக்குறைய மறக்கப்பட்டது. 1962-இல் நெபிராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில் ஹென்றி லிஞ்ச் என்னும் இளம் மருத்துவர் ஒரு நோயாளியைச் சந்தித்தார். அவர் மிதமிஞ்சிக் குடிப்பவர். தம் குடும்பத்தார் பலரும் குடற்புற்றுநோயால் மாண்டனர், தமக்கும் அக்கதியே என்பதால் குடிப்பதாக அவர் சொன்னார். லிஞ்ச் அச்சுற்றத்தாரைத் தேடிச்சென்று ஆராய்ந்து 1966-இல் கட்டுரை வெளியிட்டார். சுற்றுப்புறமே காரணம் என்று பலர் மறுத்தனர். வார்த்தின் விட்டுச்சென்ற குறிப்புகளும் அவர் கைக்கு வந்தன. ஜி குடும்பத்தை மீண்டும் ஆராய்ந்து 1971-இல் எழுதினார்.

காரணம் புலப்பட மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. உயிரணு பெருகும்போது அதன் மரபுச்செய்தி படியெடுக்கப்படுகிறது. அப்போது நேரும் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் உண்டு. அவற்றுள் ஒன்றான ‘எம்.எஸ்.ஹெச்.2’ 1993-இல் கண்டறியப்பட்டது. ஜி குடும்பத்தின் பழுது அதிலேயே இருந்ததென 2000-ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. தையற்பெண் பேசிய நாளிலிருந்து நூற்றைந்து ஆண்டுகள்!

இப்போது சோதனை நடைபெறும் முறையைக் கேளுங்கள். முதலில் நோய் கண்டவரின் இரத்தத்தில் பழுதைத் தேடுவர். அது கிடைத்துவிட்டால், உறவினரிடம் அந்த ஒரே பழுதை மட்டும் பார்த்தால் போதும். பெற்றோருள் ஒருவரிடம் அது இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டிலொரு வாய்ப்பு. வராதவருக்கு அப்பழுதினால் அபாயமில்லை. அவர் பிள்ளைகளுக்கும் அவர் வழியாக அது செல்லாது. வந்தவருக்கோ நோய் வந்துவிட்டதென்று பொருளன்று. ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை குடலை உள்நோக்கிக் கருவியால் பார்த்து, முளைக்கும் சிறு கட்டிகளை அகற்றிவிடலாம். தையற்பெண்ணுக்கு இவ்வழி இல்லை.

புற்றுநோய்களுள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே இவ்வாறு பரம்பரையாக வருவன. ஆகவே அனைவரும் அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் நம் குடும்பங்களை எண்ணிப்பாருங்கள். அண்ணன் மும்பையில், தங்கை கொல்கத்தாவில், பெரியப்பா ஊரில். ஊரில் ஒருவர் இறந்தால், ‘வயிற்றுக் கோளாறு’ என்று ஒரு வரியில் செய்தி வரும். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடாயின் அவ்வொரு வரியும் வராது. தந்தை வழியிலும் மார்பகப் புற்றுநோய்ப் பழுது மகளுக்கு வரக்கூடும் என்பதைப் பலர் அறியார். தாய் வழியை மட்டுமே விசாரிப்பர்.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் இதற்கென ஆலோசனை தரப்படுகிறது. அங்கே மருத்துவர் முதலில் கேட்பது இரத்தமன்று. யாருக்கு, எவ்வுறுப்பில், எந்த வயதில் நோய் கண்டது என்பதையே கேட்பார். அதற்கு விடை ஊரிலிருக்கும் அத்தையிடமோ, பெரியம்மாவிடமோ இருக்கும்.