உறுதி

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனையில் வளவு வாங்கப் போகிறவரின் முதல் கேள்வி: "உறுதி இரிக்கா?" தமிழ்நாட்டில் இதுவே பத்திரம்.

'உறு' என்னும் வினையடியில் பிறந்த சொல்லுக்குத் திடம், நிலைபேறு என்பவையே பழைய பொருள். இலங்கையில் அது காணித் தாளுக்கும் பெயரானது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணிக் கைமாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒப்பமிட வேண்டும். வாய்ச்சொல் செல்லாது.

ஆனால் உறுதி இருந்தால் மட்டும் கட்டிவிட முடியாது. 2004 சுனாமிக்குப் பின், கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் மீளக் கட்ட அரசு தடை போட்டது. தென், மேற்குக் கரைகளுக்கோ 100 மீற்றர்தான்! கல்முனையை அடுத்த, மக்கள் நெருக்கமாக வாழும் மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளில் உறுதி கையில் இருந்தும் அத்திவாரம் போட வழியில்லாமல் போனது. எதிர்ப்புகளுக்குப் பின்னரே அந்த எல்லை தளர்த்தப்பட்டது.