கிராவிட்டேஷன்: இசைக்குழுவின் கதை சொல்லும் நகைச்சுவை மாங்கா

கிராவிட்டேஷன் என்பது மாக்கி முராகாமி எழுதி வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதைத் தொடர். 1996 முதல் 2002 வரை வெளிவந்து 12 தொகுதிகளில் நிறைவுற்றது. ஆண்களுக்கிடையிலான காதலைப் பெரும்பாலும் பெண் வாசகர்களுக்காகப் பெண் படைப்பாளிகள் சொல்லும் ‘பாய்ஸ் லவ்’ வகையைச் சேர்ந்தது. பாப் பாடகனாகத் துடிக்கும் ஓர் இளைஞனும், ஊரறிந்த காதல் நாவலாசிரியர் ஒருவரும் இதன் நாயகர்கள். துயரத்துக்குப் பேர்போன ஒரு வகைமையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னதும், இசைத்தொழிலின் பரபரப்பைக் காதல் கதையின் உந்துவிசையாக்கியதும் இத்தொடரின் தனித்தன்மைகள். ஜப்பானுக்கு வெளியே இவ்வகைக் கதைகளைப் பலர் முதன்முதலாகப் படித்தது இத்தொடரின் வழியாகத்தான்.

இந்த வகைமை கண்ணீரில் பிறந்தது. 1974இல் மோட்டோ ஹாகியோ வரைந்த ‘தோமாவின் இதயம்’ ஜெர்மன் விடுதிப்பள்ளி ஒன்றில், ஒரு மாணவனின் தற்கொலையோடு தொடங்குகிறது. 1976இல் கெய்கோ தக்கேமியா தொடங்கிய ‘காற்றும் மரங்களும் பாடும் பாடல்’ 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் நிகழ்ந்து, நாயகர்களில் ஒருவனின் சாவில் முடிகிறது. 1978இல் தொடங்கப்பட்ட ‘ஜூனே’ இதழ் இந்த அழகியலுக்கு நிலையான இடம் தந்தது. அழகு, குற்றவுணர்வு, பிரிவு, மரணம் ஆகியவையே அதன் பக்கங்களில் திரும்பத் திரும்ப வந்தன. ஆண்களின் காதலைத் தொலைதூர ஐரோப்பாவில் வைத்துச் சோகத்தில் முடித்தபோதுதான், அன்றைய இளம் பெண்கள் தங்கள் அன்றாட வாழ்வின் கெடுபிடிகளுக்கு வெளியே நின்று காமத்தையும் காதலையும் பற்றி யோசிக்க முடிந்தது.

இதே காலத்தில் சிரிப்பின் வழியே சென்ற இன்னொரு கிளையும் இருந்தது. யாசுக்கோ அவோய்க்கே 1976இல் தொடங்கிய ‘எரோய்க்காவிடமிருந்து அன்புடன்’ என்ற தொடரில், ஆண்களை விரும்பும் ஆங்கிலேயப் பிரபு ஒருவர் கலைப்பொருள் திருடராக உலாவி, விறைப்பான ஜெர்மன் ராணுவ மேஜரை ஓயாமல் சீண்டுகிறார். அந்தப் பிரபுவின் தோற்றம் லெட் செப்பலின் குழுவின் பாடகர் ராபர்ட் பிளாண்ட்டை வைத்து வரையப்பட்டது. அவருடைய கூட்டாளிகளான ஜேம்ஸும் போன்ஹமும் அதே குழுவின் ஜிம்மி பேஜையும் ஜான் போன்ஹமையும் நினைவூட்டுபவர்கள். நீண்ட முடியும் ஒட்டிப்பிடித்த உடையும் மேடை ஒளியுமாக வந்த பிரிட்டிஷ் ராக் கலைஞர்கள் அன்றைய ஜப்பானியப் பெண்களுக்கு ஆண் அழகின் புதிய உருவத்தைக் காட்டியிருந்தார்கள். ஆக, இசைக்கலைஞனின் உருவம், ஆண்காதல், நகைச்சுவை என்ற மூன்றும் கிராவிட்டேஷனுக்கு இருபது ஆண்டுகள் முன்பே ஒரு கதையில் கூடியிருந்தன. 1978இல் மினேயோ மாயா தொடங்கிய ‘பதாலிரோ!’வும் இந்தக் கிளையைச் சேர்ந்ததே. அது 1982இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

ஆனால் 1990களின் தொடக்கத்தில், இசைக்கலைஞன் நாயகனாக வரும் ஆண்காதல் கதை என்றதும் ஜப்பானிய வாசகர்கள் நினைத்தது மினாமி ஓசாக்கியின் ‘செட்சுஆய் 1989’ஐத்தான். கால்பந்துத் தொடரான ‘கேப்டன் சுபாசா’வின் பாத்திரங்களை வைத்து ரசிகர் வெளியீடுகள் வரைந்து பெயர்பெற்றவர் ஓசாக்கி. ‘மார்கரெட்’ என்ற பெருவிற்பனை இதழில் அவர் வரைந்த அந்தத் தொடரில், ராக் பாடகன் கோஜி நான்ஜோ ஒரு கால்பந்து வீரன்மீது வெறிகொண்ட காதலில் தன்னையே அழித்துக்கொள்கிறான். பாடகனின் புகழ் அதில் ஒரு சாபம், பாட்டு ஒரு காயம். முராகாமிக்கு முன்னிருந்த முன்மாதிரி இதுதான். அவர் தலைமுறைக்கு ஆண்காதல் கதை ஏற்கெனவே பழகிப்போன வகைமை. அதன் வழக்கங்களை எல்லோரும் அறிந்திருந்ததால், அவற்றைச் சற்றே அளவு மீறி வரைந்தால் போதும், சிரிப்பு வந்துவிடும்.

கதை இப்படித் தொடங்குகிறது. ஷூயிச்சி ஷிண்டோ, பள்ளித் தோழன் ஹிரோஷி நக்கானோவுடன் ‘பேட் லக்’ என்ற குழுவை நடத்துகிறான். அவன் வழிபடும் குழு ‘நிட்டில் கிராஸ்பர்’. அதன் பாடகர் ரியூய்ச்சி சாகுமா அவனுக்குத் தெய்வம். ஒரு நள்ளிரவில் பூங்காவில் அவன் எழுதிய பாட்டுத் தாள் காற்றில் பறந்து முன்பின் தெரியாத ஒருவரின் காலடியில் விழுகிறது. எடுத்துப் படித்த அந்த மனிதர், இவனுக்குத் திறமை துளியும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர்தான் பெண் வாசகர்கள் கொண்டாடும் காதல் நாவலாசிரியர் எய்ரி யூகி. மட்டந்தட்டப்பட்ட கோபத்தில் ஷூயிச்சி அவரைத் தேடிப் பிடிக்கிறான். அந்தத் தேடல் காதலாகிறது, காதல் அவர் வீட்டில் குடியேறும் பிடிவாதமாகிறது. யூகி பலமுறை விரட்டுகிறார். ஷூயிச்சி அத்தனை முறையும் அழுது அரற்றித் திரும்பி வருகிறான்.

இந்தத் தொடக்கத்திலேயே முராகாமியின் கைத்திறன் தெரிகிறது. காதலுக்கு வித்திடுவது அழகோ விதியோ இல்லை, ஒரு மோசமான விமர்சனம். பாட்டெழுதுபவனுக்கும் நாவல் எழுதுபவருக்கும் இடையிலான உறவு முதல் நொடியிலிருந்து எழுத்தின் தரம் பற்றிய சண்டையாகவும் இருக்கிறது. அதனால் ஷூயிச்சி முன்னேற வேண்டிய களங்கள் இரண்டாகின்றன: யூகியின் மனம், விற்பனைப் பட்டியல். ஒன்றில் சறுக்கும்போது மற்றொன்றில் பாய்கிறான். யூகி விரட்டிய நாளில் பாட்டு வருவதில்லை. பாட்டு வந்த நாளில் யூகியின் கதவைத் தட்டாமல் இருக்க முடிவதில்லை. இந்த இரட்டை ஓட்டமே 12 தொகுதிகளையும் இழுத்துச் செல்கிறது.

ஆண்காதல் கதைகளில் துரத்துபவன் ‘செமே’, துரத்தப்படுபவன் ‘உகே’ என்பது வழக்கம். செமே உயரமானவன், குளிர்ந்த பார்வையுள்ளவன், அனுபவசாலி. உகே சிறிய உருவம், பெரிய கண்கள், உணர்ச்சிப் பெருக்கு. தோற்றத்தில் யூகியும் ஷூயிச்சியும் இந்த அச்சில் வார்த்தவர்கள்தான். ஆனால் இங்கே துரத்துவது முழுக்க உகே. எதிலும் ஆர்வமற்றவராகக் காட்டிக்கொள்ளும் யூகியின் வீட்டுக்குள், அடக்கவே முடியாத சத்தமும் கண்ணீரும் வினோத வேடங்களுமாக ஷூயிச்சி நுழைகிறான். சினிமாவில் நாகேஷ் போன்ற ஒரு நகைச்சுவை நடிகருக்கே காதல் நாயகன் வேடத்தையும் கொடுத்ததைப் போன்ற துணிவு இது. உடல் முழுவதும் நகைச்சுவையாகிவிட்ட ஒருவனின் காதலை வாசகர் நம்ப வேண்டும். முராகாமி நம்ப வைக்கிறார்.

அவர் வரையும் முறையும் அதற்கேற்றது. ஒரு கட்டத்தில் நுணுக்கமான முகமும் அலையும் முடியுமாக இருக்கும் ஷூயிச்சி, அடுத்த கட்டத்தில் பெருந்தலையும் குட்டை உடலுமாகச் சுருங்கிக் கத்துகிறான். அதற்கடுத்ததில் மீண்டும் முழு உருவம் பெற்று நேராகப் பார்க்கிறான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முகம் கனத்துப்போவதால், காதல் காட்சிகளுக்குக் கூடுதல் அழுத்தம் கிடைக்கிறது. துணைப் பாத்திரங்கள் எல்லாம் அளவு மீறியவர்கள். மேலாளர் கே, துப்பாக்கியைக் காட்டியே வேலை வாங்கும் அமெரிக்கர். தயாரிப்பாளர் சக்கானோ எதற்கெடுத்தாலும் பதறுபவர். பிற்பகுதியில் ராட்சதப் பாண்டா இயந்திரம்கூடக் கதைக்குள் வருகிறது. இவர்களில் சிறந்த படைப்பு ரியூய்ச்சி சாகுமா. மேடைக்கு வெளியே இளஞ்சிவப்பு முயல் பொம்மையைக் கட்டிக்கொண்டு குழந்தையாகப் பேசுபவர், ஒலிவாங்கியைப் பிடித்ததும் எதிரே நிற்பவரை நடுங்க வைக்கும் கலைஞராக மாறுகிறார். சிரிப்பும் கலையும் ஒரே உடலில் இருக்கலாம் என்ற இத்தொடரின் நம்பிக்கைக்கு அவரே முழு வடிவம்.

இசைத்துறையைப் பின்புலமாக எடுத்ததில் காலத்தின் பங்கும் உண்டு. ஜப்பானில் இசைத்தட்டு விற்பனை உச்சத்தைத் தொட்டது 1998இல். கிராவிட்டேஷன் அந்த அலையின் நடுவில் எழுதப்பட்டது. பாடகர், கிட்டார் கலைஞர், கீபோர்டு கலைஞர் என்ற மூவரும் டிரம்ஸுக்குப் பதில் மின்னணுத் தாளமும் கொண்ட பேட் லக்கின் அமைப்பு, 1984இல் அறிமுகமான டி.எம். நெட்வொர்க் என்ற இசைக்குழுவின் அமைப்பே. மூன்றாமவனான சுகுரு ஃபுஜிசாக்கி பின்னர்தான் சேர்கிறான். நிட்டில் கிராஸ்பரின் கீபோர்டு கலைஞர் தோமா செகுச்சி, புன்னகை மாறாத முகத்துடன் இசை நிறுவனத்தை ஆளும் முதலாளியாகவும், யூகியின் அக்காள் கணவராகவும் இருக்கிறார். இதனால் தொழில், குடும்பம், காதல் மூன்றும் ஒரே வலையில் சிக்குகின்றன. ஒப்பந்தம், ஒலிப்பதிவுக் கெடு, தொலைக்காட்சி நிகழ்ச்சி, போட்டிக் குழு என ஒவ்வொன்றும் காதலில் ஒரு முடிச்சாகிறது. பாடகனுக்கு ரகசியம் காப்பது கடினம். யூகியுடனான உறவு வெளியே தெரியவரும்போது அது பாவமாகவோ அழிவாகவோ ஆவதில்லை; பத்திரிகையாளர் கூட்டமும் மேலாளரின் தலைவலியுமாகவே ஆகிறது. 1970களின் கதைகளிலிருந்து வகைமை எவ்வளவு தூரம் வந்திருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் தொடரில் வேறில்லை.

துயரத்தை முராகாமி முற்றிலும் விலக்கவில்லை. சிறுவயதில் நியூயார்க்கில் தான் நம்பிய ஆசிரியரால் யூகி காட்டிக்கொடுக்கப்பட்டவர். தற்காப்பில் அவரைச் சுட்டுக் கொன்றவர். அந்த ஆசிரியரின் பெயரையே புனைபெயராகச் சுமப்பவர். ‘ஜூனே’ காலத்துக் கதையாக இருந்தால் இதுவே மையமாகியிருக்கும். இங்கே அந்தக் கடந்தகாலம், ஓயாமல் பேசும் ஒரு பாடகனோடு குடித்தனம் நடத்தியாக வேண்டியிருக்கிறது. ஷூயிச்சியிடம் அதைக் குணப்படுத்தும் ஞானம் எதுவும் இல்லை. அவன் செய்வதெல்லாம் போகாமல் இருப்பதுதான். தொடரின் மிக மென்மையான பகுதிகள் இங்கிருந்தே வருகின்றன.

குறைகளும் உண்டு. போட்டிக் குழுவின் தக்கி ஐசாவா ஆட்களை ஏவி ஷூயிச்சியைத் தாக்கும் பகுதியின் கொடூரம், சுற்றியுள்ள நகைச்சுவையோடு ஒட்டவில்லை. அதன் வலியை நின்று பார்க்காமல் கதை விரைந்து கடந்துவிடுகிறது. யூகியின் கடுமையைக் காதலின் அடையாளமாகவே படிக்கச் சொல்வதும் இன்றைய வாசகருக்கு உறுத்தும். பின் தொகுதிகளில் வேடிக்கை பெருகி இசை பின்னுக்குப் போகிறது. இவை தனியொரு படைப்பின் பிரச்சினைகள் மட்டுமில்லை. 1992இல் ஓரினச்சேர்க்கை உரிமைச் செயற்பாட்டாளர் மசாக்கி சாட்டோ, இவ்வகைக் கதைகள் உண்மையான ஆண்களின் வாழ்வைப் பெண்களின் கற்பனைக்குப் பொருளாக்குகின்றன என்று ஒரு பெண்ணிய இதழில் எழுதி நீண்ட விவாதத்தைத் தொடங்கி வைத்திருந்தார். கிராவிட்டேஷன் அந்த விவாதம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் வெளிவந்தது. அதன் நாயகர்கள் தங்கள் விருப்பத்தைச் சமூகப் பிரச்சினையாக ஒருபோதும் பேசுவதில்லை. அந்தக் கவலையற்ற உலகம் சிலருக்குத் தப்பித்தலாகவும் சிலருக்கு ஆறுதலாகவும் தெரிந்தது.

அச்சில் ஒலிக்க முடியாத பாட்டுக்குத் திரையில் ஒலி கிடைத்தது. 1999இல் இரண்டு பாகங்கள் கொண்ட ஒளிக்காட்சி வெளியீடு வந்தது. 2000 அக்டோபர் முதல் 2001 ஜனவரி வரை ஸ்டூடியோ டீன் தயாரித்த 13 பகுதித் தொலைக்காட்சித் தொடர் வவ்வவ் அலைவரிசையில் ஒளிபரப்பானது. இயக்கியவர் பாப் ஷிராஹாட்டா. ஷூயிச்சிக்குத் தொமோகாசு செக்கியும் யூகிக்குக் கசுஹிக்கோ இனோவேயும் குரல் கொடுத்தார்கள். இசையில் டைசுகே ஆசாகுராவின் பங்கு பெரிது. டி.எம். நெட்வொர்க்கின் வட்டத்திலிருந்து வந்து, 1992இல் ‘ஆக்சஸ்’ என்ற இருவர் குழுவை அமைத்த மின்னிசைக் கலைஞர் அவர். கற்பனைக் குழுக்கள் எந்த இசைமரபிலிருந்து வரையப்பட்டிருந்தனவோ, அந்த மரபைச் சேர்ந்தவரே அவற்றுக்குப் பாட்டும் தந்தார். கின்யா கொதானி பாடிய முடிவுப் பாடலை ரசிகர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மாங்கா முடிவதற்கு முன்பே தொடர் முடிந்துவிட்டதால், நியூயார்க் நினைவுகளைத் தாண்டிய பெரும்பகுதி திரைக்கு வரவில்லை.

முராகாமி தம் பாத்திரங்களை வணிகப் பதிப்போடு விட்டுவிடவில்லை. ‘ரீமிக்ஸ்’, ‘மெகாமிக்ஸ்’ என்ற பெயர்களில், இதழில் வெளியிட முடியாத அளவு வெளிப்படையான காமக் காட்சிகள் கொண்ட கிளைக்கதைகளைத் தாமே ரசிகர் வெளியீடுகளாக அச்சிட்டார். மூலப் படைப்பாளியே தம் படைப்பின் ரசிகராக நின்று எழுதிய அந்த நூல்கள், இந்த வகைமையில் எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையிலான கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்குச் சான்று.

2003இல் டோக்கியோபாப் நிறுவனம் ஆங்கிலப் பதிப்பைத் தொடங்கியது. அமெரிக்கப் புத்தகக் கடைகளில் மாங்கா தனி அலமாரி பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆண்காதல் கதைகளுக்கென்று பதிப்பகப் பிரிவுகள் அங்கே உருவாகும் முன்பே கிராவிட்டேஷன் பதின்பருவ வாசகர் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் சிரிப்பே அதற்குக் கதவு திறந்தது என்று சொல்லலாம். வகைமையின் மரபு எதுவும் அறியாத ஒருவரும் ஷூயிச்சியின் கூச்சலைப் புரிந்துகொள்ள முடியும். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர் யூகியின் கதைக்காகத் தங்கிவிடுவார்.

இசைக்குழுவும் ஆண்காதலும் சேர்ந்த கதைகள் அதன்பின் வேறு திசையில் வளர்ந்தன. நட்சுக்கி கிசு 2013இல் தொடங்கிய ‘கிவன்’, காதலனைத் தற்கொலையில் இழந்த ஒரு மாணவன் கிட்டாரும் பாட்டும் கற்றுக்கொள்ளும் கதை. ஒத்திகை அறை, அறுந்த தந்தி, எழுத வராத வரி என்று குழுவின் அன்றாடத்தை அது நிதானமாகக் காட்டுகிறது. 2019இல் அதன் அனிமேஷன் வடிவம், புகழ்பெற்ற நொய்தமினா ஒளிபரப்பு நேரத்தில் இடம்பெற்ற முதல் ஆண்காதல் தொடராயிற்று. வேடிக்கை அதிலும் உண்டு; ஆனால் அது நண்பர்கள் கூடுமிடத்தில் இயல்பாக எழும் வேடிக்கை, கிராவிட்டேஷனின் வெடிச்சிரிப்பு இல்லை. முராகாமி தம் நாயகர்களின் கதையை 2000களில் ‘கிராவிட்டேஷன் இஎக்ஸ்’ என்ற தொடர்ச்சியில் மேலும் வரைந்தார். யூகியைக் காட்டிக்கொடுத்த ஆசிரியரின் உறவான ஒரு சிறுவன் அதில் ஷூயிச்சி, யூகி இருவரின் வாழ்வுக்குள் வருகிறான்.