செலவில்லாச் செலவு

பழந்தமிழில் ‘செலவு’ என்னும் சொல் பயணத்தைக் குறித்தது. இன்று அது பணம் கரைவதைக் குறிக்கின்றது. முதற்செலவை இரண்டாம் செலவின்றி முடிக்க முயன்றோர் எந்நாட்டிலும் உண்டு. செருமனியில் ரிச்சர்டு ஷிர்மன் என்னும் பள்ளியாசிரியர் 1909ஆம் ஆண்டில் மாணவருடன் நடைப்பயணம் சென்றபோது, இடிமழையில் சிக்கி ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகள் ஏழை மாணவர்க்குத் தங்குமிடமாகலாமே என்று அவர் எண்ணியதிலிருந்து இளைஞர் விடுதி இயக்கம் பிறந்தது. கட்டைவிரலை நீட்டி, வழியே வரும் வண்டியில் ஏறி, ஐரோப்பா முழுவதையும் சுற்றும் இளைஞர் கூட்டமும் பின்னர்ப் பெருகிற்று. அத்தகையோர் இன்று கேமரன் மலைக்கும் வருகின்றனர். தானா ராத்தாவில் மலிவான அறையில் முதுகுப்பையை இறக்கி வைத்துவிட்டுத் தேயிலைச் சரிவுகளைப் படமெடுக்கின்றனர். அச்சரிவுகளை உருவாக்கிய தமிழரும் கையில் காசின்றிப் பயணம் செய்து வந்தவரே என்பதை அவர்கள் அறியார். நம் மாணவருள்ளும் பலர் அறியார்.

நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் கண்டு குறித்த இம்மலை, நாற்பது ஆண்டுகள் வரை கேட்பாரற்றே கிடந்தது. தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை போடும் பணி 1926இல் தொடங்கி 1931இல் முடிந்தது. அதற்கிடையே, 1929இல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காட்டை அழிக்கவும் கன்று நடவும் கைகள் தேவைப்பட்டன.

அக்காலத்தில் மலாயாத் தோட்டங்களுக்குத் திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து ஆள் வந்த முறை அறியத்தக்கது. கங்காணி ஊருக்குள் வருவான். உடன்பட்டவர் ஆவடி அல்லது நாகப்பட்டின முகாமில் தங்கிக் கப்பலேறுவர். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ போன்ற கப்பல்களின் திறந்த தளமே படுக்கையும் அடுக்களையும் ஆகும். பினாங்கில் இறங்குவோர் முதலில் ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் அடைபடுவர். அதன்பின்னரே புகைவண்டி. கேமரன் மலைக்குரியோர் தாப்பா ரோட் நிலையத்தில் இறங்கி, வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையைக் காண்பர். சமவெளியின் வெயிலில் பிறந்த உடம்பு அங்கேதான் முதன்முதலாகக் குளிரில் நடுங்கியிருக்கும்.

இவ்வளவிற்கும் அவர்கள் ஒரு காசும் கொடுக்கவில்லை. 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி தண்டி அப்பயணச் செலவை ஏற்றது. சட்டத்தின் பார்வையில் தொழிலாளி கடனின்றியே கரையிறங்கினான். இஃது எளிய செய்தியன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோர் கங்காணியிடம் கடன்பட்டு, ‘துண்டு’ முறையில் கட்டுண்டு கிடந்தனர். அம்முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

எனினும் வேறொன்றை நோக்கல் வேண்டும். பத்துப்பாட்டுள் ஆற்றுப்படை நூல்கள் உள்ளன. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையில் வாடி எதிர்வரும் மற்றொருவனுக்கு வழியும், வழியிலே உணவு கிடைக்கும் இடமும் கூறுவான். மலைபடுகடாம் மலைவழியின் இடர்களையும் மறைக்காது சொல்கின்றது. கங்காணியும் முன்பு சென்று மீண்டவன்தான். அவனும் வழி காட்டினான். ஆனால், ஆற்றுப்படுத்தும் பாணனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலியில்லை, கங்காணிக்கு இருந்தது. ஆகவே, இடர்களை அவன் சொல்லாமல் விட்டதில் வியப்பில்லை.

வண்டியை நிறுத்தி ஏறும் இளைஞன், விரும்பிய இடத்தில் இறங்கிக்கொள்வான். தோட்டத் தொழிலாளிக்கு அது வாய்க்கவில்லை. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது, 1930 முதல் 1932 வரை, மலாயாவிலிருந்து பல்லாயிரம் தமிழர் அதே நிதியின் செலவில் திருப்பி அனுப்பப்பட்டனர். வந்ததும் இலவசம், போனதும் இலவசம். இரண்டிற்கும் நாள் குறித்தவர் வேறு. கூலிக் குறைப்பை எதிர்த்து, 1938 சூனில் இந்திய அரசு உதவிப் பயணத்தைத் தடை செய்தது. அதற்குள் வந்து சேர்ந்தோரும் அவர்தம் மக்களுமே பின்னர் மலைத் தோட்டங்களின் லயங்களை நிறைத்தனர். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் கண்டனர்.

அப்பிள்ளைகளின் பிள்ளைகள் படித்து மலையிறங்கினர். இன்று கொழுந்து வெட்டுவோருள் வங்காளதேசத்தாரும் நேபாளியரும் பலர். மலேசியாவுக்கு வரும் அந்நாட்டார் வானூர்தியில் சில மணி நேரத்தில் வந்துவிடுகின்றனர். ஆயினும், அவருள் பலர் முகவருக்குக் கொடுத்த பணத்தின் கடனை அடைக்கவே முதல் ஓரிரண்டு ஆண்டுகள் உழைக்கின்றனர்.