மியூனிக் நகரத்தின் இரு மாற்றங்கள்

ஜெர்மனி நாட்டின் தென்பகுதியில், ஈசார் ஆற்றங்கரையிலே, மியூனிக் என்னும் மாநகரம் இருக்கிறது. பவேரியா மாநிலத்தின் தலைநகரம் அது. அந்நகரத்து மாநகராட்சி 2003-ஆம் ஆண்டில் ஒரு காரியத்தைச் செய்வதென்று தீர்மானித்தது. பத்தாண்டுகள் பாடுபட்டு அதைச் செய்தும் முடித்தது. முடித்த நான்காம் ஆண்டில், செய்ததை விட்டுப் பழைய இடத்திற்கே திரும்புவதென்று இன்னொரு தீர்மானம் செய்தது. இவ்வளவு பொருளையும் உழைப்பையும் செலவிட்டு ஏறிய மலையிலிருந்து ஒரு நகரம் ஏன் இறங்கிவர வேண்டும்? இந்தக் கேள்வி நெடுநாளாக என் மனத்தை விட்டு அகலவில்லை. மாணவ நண்பர்களே, இன்று அதையே உங்களுடன் சேர்ந்து ஆராயலாம் என்று எண்ணுகிறேன்.

அவர்கள் மாற்றியது அலுவலகக் கணினிகளின் இயங்குதளத்தை. கணினியின் உறுப்புக்கள் எல்லாம் ஒன்றோடொன்று இசைந்து வேலை செய்யும்படி மேற்பார்வை பார்க்கும் மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். கடிதம் எழுதும் மென்பொருளும், கணக்குப் போடும் மென்பொருளும், அச்சுப்பொறியும் அதன் தயவில்தான் வாழ்கின்றன. ஆகவே அதை மாற்றுவதென்பது வீட்டில் ஒரு நாற்காலியை மாற்றுவது போன்றதன்று. குடியிருந்துகொண்டே அஸ்திவாரத்தை மாற்றுவது போன்றது.

அந்நாளில் மியூனிக் மாநகராட்சியில் ஏறத்தாழ 14,000 கணினிகள் இருந்தன. அவற்றில் இயங்கியது அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட விண்டோஸ் என்.டி. 4.0 என்னும் இயங்குதளம். அது வயதாகிவிட்டது என்றும், 2004-ஆம் ஆண்டோடு அதற்கு ஆதரவு அளிப்பதை நிறுத்திவிடுவதென்றும் நிறுவனம் முடிவு செய்தது. ஆதரவு நின்றால் கணினி நின்றுவிடாது. ஆனால் அதில் ஒரு பாதுகாப்புக் குறை தென்பட்டால் அதை அடைத்துக் கொடுப்பார் இல்லை. நம் வீட்டுப் பூட்டில் பழுது ஏற்படுகிறது. அதைச் செய்தவனைத் தவிர வேறு எவனும் அதைத் திறந்து பார்க்கவும் கூடாது என்பது ஏற்பாடு. அவனோ, “இனி அந்தப் பூட்டுக்கு நான் வரமாட்டேன், புதுப் பூட்டு வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறான். மியூனிக் நகரம் அந்த நிலையில் இருந்தது.

புதுப் பூட்டையும் அவனிடமே வாங்க வேண்டுமா என்ற எண்ணம் மன்றத்தில் எழுந்தது. எழுவதற்குத் துணையாக வேறொரு பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் என்பவர் லினக்ஸ் என்னும் மென்பொருளின் கருவை எழுதி உலகுக்குக் கொடுத்தார். ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் 1983-இல் அறிவித்துத் தொடங்கிய க்னூ என்ற முயற்சியின் விளைவுகளும் அதனுடன் சேர்ந்து ஒரு முழு இயங்குதளம் உருவாயிற்று. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பூட்டின் உட்புறம் எல்லார்க்கும் தெரியும். எந்தக் கொல்லனும் பழுது பார்க்கலாம்.

இந்தச் செய்தி மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் காதுக்கு எட்டியது. அதன் தலைவர் ஸ்டீவ் பால்மர் அப்பொழுது சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விளையாடிக்கொண்டு விடுமுறையில் இருந்தார். 2003 மார்ச்சு மாதத்தில், விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு அவர் நேரே மியூனிக்குக்கு வந்து மேயர் கிறிஸ்டியன் ஊடேயைக் கண்டு பேசினார். நிறுவனம் தன் விலையையும் குறைத்தது. 14,000 கணினிகள் அந்தப் பெரிய நிறுவனத்திற்கு ஒரு பொருட்டல்ல. ஒரு நகரம் வெளியேறினால் மற்ற நகரங்களும் வழி கேட்கும் என்ற அச்சமே அவரை மலையினின்று இறக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். எனினும் 2003 மே 28-ஆம் நாள் மாநகராட்சி மன்றம் லினக்ஸுக்கு மாறுவதென்று கொள்கையளவில் முடிவு செய்தது. ஒரே விற்பனையாளரைச் சார்ந்து நிற்கக் கூடாது என்பதே ஊடேயும் அவரைச் சேர்ந்தவர்களும் எடுத்துரைத்த முதற் காரணம். லிமுக்ஸ் என்று அத்திட்டத்திற்குப் பெயரிட்டனர்.

தீர்மானம் செய்வது ஒரு நாள் வேலை. அதன் பின்பு வந்த ஆண்டுகளைப் பார்ப்போம். 2004-இல் விரிவான திட்டத்திற்கு மன்றம் இசைவளித்த சில வாரங்களிலேயே வழக்கறிஞர் தொல்லை ஒன்று முளைத்தது. மென்பொருளுக்குக் காப்புரிமை வழங்கும் சட்டம் ஒன்று ஐரோப்பாவில் வரக்கூடும் என்று தோன்றவே, வேலையைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தனர். அச்சட்டத்தை ஐரோப்பிய நாடாளுமன்றம் 2005 ஜூலையில் தள்ளிவிட்டது. அதற்குள் மியூனிக் மறுபடியும் வேலையைத் தொடங்கியிருந்தது. 2006-இல் முதற் கணினிகள் மாறின.

உண்மையான இடர் அதற்கு முன்பே தென்பட்டுவிட்டது. அது இயங்குதளத்தில் இல்லை, கடிதங்களில் இருந்தது. ஒரு மாநகராட்சி என்பது என்ன? பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, கட்டட அனுமதி, வரி அறிவிப்பு ஆகிய எல்லாம் படிவங்களே. ஒவ்வொரு துறையும் பல ஆண்டுகளாகத் தனக்கென்று படிவங்களை மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எழுது மென்பொருளிலே செய்து வைத்திருந்தது. பெயரை இட்டால் முகவரி தானே வந்து நிற்கும். தொகையை இட்டால் வரி தானே கணக்காகும். இவற்றைச் செய்யும் சிறு நிரல்கள் படிவங்களுக்குள்ளேயே ஒளிந்திருந்தன. எழுதியவர்களிற் பலர் பொறியாளர்கள் அல்லர். தம் வேலை எளிதாகட்டும் என்று ஓய்வு நேரத்தில் எழுதிவைத்த எழுத்தர்கள். எந்தத் துறையில் எத்தனை படிவம் இருக்கிறது என்று ஒருவருக்கும் முழுமையாகத் தெரியாது. புதிய மென்பொருளில் அப்படிவத்தைத் திறந்தால், கோடுகள் இடம் மாறும். ஒரு பக்கத்துக் கடிதம் ஒன்றேகால் பக்கமாகும். உள்ளிருந்த நிரல் ஊமையாகிவிடும்.

இதனைக் கேட்டறிந்த செய்தியாக மட்டும் நான் சொல்லவில்லை. என் கணினியில் ஓர் இயங்குதளத்தை விட்டு மற்றொன்றிற்கு நான் மாறிய அன்று, பல ஆண்டுகளாகத் தட்டச்சுச் செய்து வைத்திருந்த என் தமிழ்க் கட்டுரைகளைத் திறந்தேன். தமிழைக் காணோம். உரோமன் எழுத்துக்களும், கேள்விக் குறிகளும், நான் இதுவரை கண்டிராத சில சின்னங்களும் பக்கம் பக்கமாக நின்றன. காரணம் பின்னர்தான் விளங்கிற்று. ஒருங்குறி பரவுவதற்கு முன்பு, உரோமன் எழுத்துக்களுக்குரிய எண்களிலேயே தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்து எழுத்துருக்களைச் செய்தார்கள். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு முறை. அந்த எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் பிதற்றல். 1999-இல் தமிழ்நாட்டு அரசு சில முறைகளைத் தரப்படுத்தி அறிவித்ததும், 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டதும் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கே. என் கட்டுரைகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி எடுக்க எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆயிற்று. இரண்டு கட்டுரைகள் இன்னமும் மீளவில்லை. நான் எழுதியவை என் உடைமை என்று அதுவரை நம்பியிருந்தேன். அன்றுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

தனியொருவனுக்கே இவ்வளவு தொல்லை என்றால், பல்லாயிரம் ஊழியர் உள்ள நகரத்துக்கு எவ்வளவு! மியூனிக்கின் பொறியாளர்கள் இங்கே நல்ல அறிவோடு நடந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். இயங்குதளத்தை உடனே மாற்றாமல், பழைய விண்டோஸின் மேலேயே ஓப்பன் ஆபீஸ் என்ற கட்டற்ற எழுது மென்பொருளை முதலில் நிறுவி, ஊழியர்களை அதில் பழக்கினர். படிவங்களையும் கடித மாதிரிகளையும் ஆளுவதற்கென்று வொல்முக்ஸ் என்றொரு கருவியைத் தாமே எழுதினர். 2008-இல் அதை எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டனர். சிதறிக் கிடந்த படிவங்கள் முதன்முறையாக ஓர் ஒழுங்குக்கு வந்தன. ஆனால் காலம் ஓடிற்று. முதலில் குறித்த கெடு தவறியது. அடுத்த கெடுவும் தள்ளிப்போயிற்று. 2013 டிசம்பரில் திட்டம் நிறைவேறியதாக அறிவித்தபோது ஏறக்குறைய 15,000 கணினிகளில் லினக்ஸ் இயங்கியது.

எல்லாக் கணினிகளிலும் இயங்கிற்றா என்றால், இல்லை. சில துறைகளுக்கே உரிய தனி மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே இயங்கக் கூடியவை. அவற்றைச் செய்து விற்பவர்கள் ஒரு நகரத்துக்காக மாற்றி எழுத முன்வருவார்களா? ஆகவே ஒரு பகுதிக் கணினிகளில் விண்டோஸே நீடித்தது. ஆக நகரம் ஒரு வீட்டைக் காலி செய்து மற்றொரு வீட்டிற்குப் போகவில்லை; இரண்டு வீட்டுக்கும் வாடகை கொடுத்து வந்தது. வெளியுலகமோ அசையவே இல்லை. மாநில அரசாங்கமும், கட்டட ஒப்பந்தக்காரரும், குடிமக்களும் பழைய மென்பொருளில் எழுதியே கோப்புக்களை அனுப்பினார்கள். அவை இங்கே திறக்கும்போது சிதைந்தால், “உங்கள் லினக்ஸால் வந்த வினை” என்று ஊழியர் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பை நான் இகழமாட்டேன். பதினைந்து ஆண்டுகளாகக் கைபோன போக்கிலே வேலை செய்து பழகிய ஒருவர், வரிசையில் மக்கள் காத்து நிற்க, அச்சிடும் கட்டளை எங்கே என்று தேடிக்கொண்டிருப்பது சிறிய துன்பம் அன்று. விற்பனையாளரிடமிருந்து விடுதலை என்பது மன்றத்தில் பேசுவோர்க்கு விளங்கும்; காலை ஒன்பது மணிக்குச் சான்றிதழ் அச்சாகவில்லையே என்பதுதான் அவருக்கு விளங்கும்.

2014-இல் ஊடே ஓய்வு பெற, டீட்டர் ரைட்டர் மேயரானார். அவர் ஊடேயின் கட்சியையே சேர்ந்தவர். ஆயினும் லினக்ஸிடம் அவருக்குப் பரிவு இல்லை. 2016-இல் அக்செஞ்சர் என்ற ஆலோசனை நிறுவனம் ஓர் அறிக்கை கொடுத்தது. அந்த நிறுவனம் மைக்ரோசாப்டின் தொழிற் கூட்டாளி என்பதைப் பலர் சுட்டிக் காட்டினார்கள். மைக்ரோசாப்ட் தன் ஜெர்மானியத் தலைமையகத்தை அதே ஆண்டில் மியூனிக் நகருக்குள் மாற்றிக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லி, இதனால்தான் நகரம் மனம் மாறியது என்பார் உளர். மேயர் அதை மறுத்தார். சான்றில்லாத இடத்தில் சந்தேகத்தைத் தீர்ப்பாக எழுதுவது வரலாற்று மாணவனுக்கு அழகன்று. ஆகவே அதை அப்படியே விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். கோளாறுகளுக்கு இயங்குதளத்தைக் காட்டிலும் அலுவலக அமைப்பே பெருங்காரணம் என்று அந்த அறிக்கையே கூறிற்று. கணினிப் பணி பல துறைகளில் சிதறிக் கிடந்தது. எவர் எதற்குப் பொறுப்பு என்பது தெளிவில்லை. லினக்ஸை விடுவதற்கு வலுவான தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை என்று நகரத்தின் கணினிப் பிரிவுத் தலைவரே சொன்னார்.

செலவுக் கணக்கிலும் இதே எச்சரிக்கை வேண்டும். லினக்ஸால் ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சமாயிற்று என்று 2012-இல் நகரம் கணக்குக் காட்டிற்று. விண்டோஸே மலிவாக இருந்திருக்கும் என்று வேறோர் ஆய்வு எதிர்க் கணக்குக் காட்டிற்று; அந்த ஆய்வைச் செய்வித்தது மைக்ரோசாப்ட். ஆவணம் ஒன்றைப் படிக்கத் தொடங்குமுன் அதற்குக் கூலி கொடுத்தவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகரம் தன் செயலைத் தானே மெச்சி எழுதிய கணக்குக்கும் இது பொருந்தும்.

2017 பிப்ரவரியில் மன்றம் திரும்பும் வழியைத் தேர்ந்தது. நவம்பர் 23-ஆம் நாள் அதை உறுதி செய்தது. 29,000 கணினிகளில் விண்டோஸ் 10-ஐ நிறுவுவதென்றும், அதற்கு 4 கோடியே 93 லட்சம் யூரோ செலவிடுவதென்றும் முடிவாயிற்று. சிதறிய பொறுப்புக்களை ஒன்று சேர்க்கும் வேலையும் அதனோடு தொடங்கியது. அந்தச் சீர்திருத்தத்தைப் பத்தாண்டுகளுக்கு முன்பே செய்திருந்தால், ஒருவேளை இரண்டாம் மாற்றமே வேண்டியிருந்திராது என்று நான் கருதுகிறேன். அந்த மட்டில் லினக்ஸ், தான் செய்யாத குற்றத்திற்கும் சேர்த்துத் தண்டனை பெற்றது.

கதை அத்துடன் நிற்கவில்லை. 2020-இல் நகரில் புதிய கூட்டணி அமைந்தபோது, இயன்ற இடத்திலெல்லாம் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்துவது என்று உடன்படிக்கையில் எழுதிக்கொண்டார்கள். என்.டி. 4.0-க்கு நேர்ந்தது விண்டோஸ் 10-க்கும் நேர்ந்தது: 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, ஜெர்மனியின் வடகோடியில் உள்ள ஷிலெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, தன் 30,000 கணினிகளை மைக்ரோசாப்டிடமிருந்து விடுவிப்பதென்று அறிவித்திருந்தது. அங்கேயும் முதலில் மாற்றப் புகுந்தது கடிதமும் கணக்கும் எழுதும் மென்பொருளையே. இயங்குதளத்தின் முறை அதற்குப் பின்னர்தான். மியூனிக்கின் பொறியாளர்கள் கைக்கொண்ட அதே வரிசை.